ஓவியர்கள் சிலர் பழைய பயண டிரெய்லர்களைத் தேடி வாங்கி, புதுப்பித்து, வண்ணம் தீட்டுகிறார்களே, அதில் அப்படி என்ன ஈர்ப்பு?

பதினொரு வருடமாக என் சனி, ஞாயிறெல்லாம் இந்த வேலையில்தான் போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவள். கல்யாணமாகி அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்துக்கு வந்தேன். வந்த புதிதில் கேன்வாஸில்தான் வரைந்துகொண்டிருந்தேன். நாலைந்து படம் சுவரில் தொங்கியது, மிச்சமெல்லாம் கட்டிலுக்கு அடியில் போனது.

ஒரு கோடை விடுமுறைக்குக் கடற்கரை ஓரமாகக் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தோம். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் பக்கத்து மைதானம் நிறைய குட்டிக் குட்டி டிரெய்லர்கள். ஒன்றின் மேல் ரோஜாக் கொடி, இன்னொன்றின் மேல் குதிரை ஏறிய பெண், மற்றொன்றில் துள்ளும் மீன். எல்லாவற்றிலிருந்தும் பெண்கள் மட்டுமே இறங்கினார்கள். ‘சிஸ்டர்ஸ் ஆன் தி ஃப்ளை’ என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் என்று அப்புறம் தெரிந்தது. 1999-இல் மாரி, பெக்கி என்ற அக்கா தங்கை இருவர் தொடங்கியது. அறுபது வயதுக்காரர் ஒருவர் என்னை உள்ளே கூப்பிட்டு, காபி கொடுத்து, அலமாரிக் கதவில் தான் வரைந்த கொக்கைக் காட்டினார். ஓர் ஓவியத்துக்கு உள்ளே உட்கார்ந்து காபி குடித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

இது எந்த வண்டி என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கேரவன் என்றாலே படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். இது அது இல்லை. இதற்கு எஞ்சின் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற, சக்கரம் வைத்த ஓர் அறை. பதினைந்து பதினாறு அடிக்குள் படுக்கை, அடுப்பு, ஐஸ் பெட்டி, மேசை எல்லாம் அடங்கிவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், கையில் காரும் விடுமுறையும் சேர்ந்த குடும்பங்களுக்காக அமெரிக்காவில் இவற்றை ஏராளமாகச் செய்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சியின் வடிவம் என்பதால் ‘கேன்ட் ஹாம்’ என்று செல்லப் பெயர்.

ஏர்ஸ்ட்ரீமுக்கும் வண்ணம் பூசுவீர்களா என்று பலர் கேட்பதுண்டு. மாட்டேன். வாலி பையம் 1930களில் தொடங்கிய அந்த வண்டி, விமானத்தைப் போல ரிவெட் அடித்துச் சேர்த்த அலுமினியம். அதன் பளபளப்புதான் அதன் நிறம். நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களைத் தனிமைப்படுத்தி வைத்ததுகூட மாற்றியமைத்த ஓர் ஏர்ஸ்ட்ரீமில்தான். அதன்மேல் பூ வரைய எனக்கு மனசு வராது.

என் முதல் வண்டி 1962-ஆம் வருடத்து ஷாஸ்டா. 1941-இல் ராணுவத்தினர் தங்குவதற்காக டிரெய்லர் செய்யத் தொடங்கிய கலிஃபோர்னியா நிறுவனம் அது. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்ன உலோக இறக்கை வைத்திருப்பார்கள், தூரத்திலேயே ஷாஸ்டா என்று தெரிந்துவிடும். ஒரு பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால் புல்லுக்கு நடுவே நின்றிருந்தது. விற்றவர் எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, அவருடைய பெற்றோர் புதிதாக வாங்கிய வண்டி. ஒழுகாது என்றுதான் அவரும் நம்பிக்கொண்டிருந்தார்.

ஒழுகாத பழைய டிரெய்லரை நான் இன்னும் பார்க்கவில்லை. கூரையில் காற்றுப் போக்கி இருக்கும் இடம், மூலையில் தகடுகள் சேரும் பட்டை, விளக்குகளின் அடிப்பகுதி, இந்த மூன்று வழியாகத் தண்ணீர் இறங்கும். அந்தக் காலத்து அடைப்பு மாவு காய்ந்து பாறையாகி வெடித்திருக்கும். பட்டையைக் கழற்றி, தகட்டை மெதுவாக உரித்தேன். உள்ளே மரச் சட்டம் நம் ஊர் ரீப்பர் அளவுதான், விரலால் அழுத்தினால் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. இந்த வண்டிகளை உள்ளிருந்து வெளியே கட்டியிருக்கிறார்கள். முதலில் தரை, அப்புறம் உள்சுவரும் அலமாரிகளும், பிறகு ஒயர், கடைசியில்தான் தகடு. அதனால் பிரிக்கும்போது தகட்டிலிருந்து தொடங்கி உள்ளே போகவேண்டும். அழுகிய துண்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். புதுக் கட்டையை அதன்மேல் வைத்துத்தான் வளைவை வரைய முடியும். இந்த வேலை மட்டும் பதினாலு மாதம் பிடித்தது, ஒருநாள்கூடத் தூரிகையைத் தொடவில்லை.

ஆனால் உள்ளே தொட்டது ஒன்று உண்டு, அரக்கு. அந்தக் காலத்து வண்டிகளின் உட்சுவர் மெல்லிய பிர்ச் பிளைவுட். அதன்மேல் ஷெல்லாக் பூசியிருப்பார்கள், அதாவது நம் அரக்கு. ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சியிலிருந்து வருவது. ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் தேன் நிறம் வரும். வார்னிஷ் மாதிரி பழைய பூச்சின்மேல் தனித் தோலாக அது நிற்பதில்லை. புது ஸ்பிரிட் பழைய அரக்கை இளக்கிவிடும், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அறுபது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் பூசியதும் நான் பூசியதும் எங்கே பிரிகிறது என்று எனக்கே தெரியவில்லை. சாயந்தர வெயில் ஜன்னல் வழியாக அதன்மேல் விழும்போது வேலையை நிறுத்திவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வெளியே பக்கவாட்டில் ஓடிய பட்டை என்ன நிறத்தில் இருந்தது என்பதில் அந்த அம்மாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் தகராறு. இவர் மஞ்சள் என்றார், அவர் பச்சை என்றார். வண்டியின் மேலோ வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை, அதற்கு அடியில் ஒரு பழுப்பு. நான் பின்விளக்கின் திருகாணிகளைக் கழற்றினேன். ரப்பருக்கு அடியில், வெயிலே படாத உள்ளங்கை அகலத்துக்கு, ஆவாரம்பூ நிறத்தில் மஞ்சள் இருந்தது. அன்று வந்ததுபோலப் பளபளப்பாக. அந்த ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கலந்தேன். கொஞ்சம் காவி சேர்த்தபிறகுதான் நிறம் கூடிவந்தது.

பூசுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். இங்கே வீட்டு பெயின்டில் ஈயத்துக்கு 1978-இல்தான் தடை வந்தது. ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் குச்சி கடையில் கிடைக்கும். உப்புத்தாளால் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது. இன்னொன்று, அலுமினியத்தில் சாதாரண பெயின்ட் நேரடியாக நிற்காது. காற்றுப் பட்டதுமே அதன்மேல் ஆக்சைடு படர்ந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, லேசாகச் சுரண்டி, உலோகத்தைக் கொஞ்சம் அரித்துப் பிடிக்கும் பிரைமர் அடித்தபிறகுதான் எனாமல். முதல் தடவை அவசரப்பட்டு அந்த பிரைமரை விட்டுவிட்டேன். ஒட்டியிருந்த டேப்பை உரித்தபோது மூன்று வாரத்து வேலை வாழைப்பழத் தோல் மாதிரி அதோடு வந்துவிட்டது. உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாரம் முழுவதையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேன்வாஸ் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொள்ளும். டிரெய்லர் கேட்காது. எங்கே வளைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கே ஒரு கருத்து இருக்கிறது. ஜன்னல் இருக்கும் இடத்தில் இருக்கிறது, தகடு சேரும் கோடு போகிற வழியில் போகிறது. மட்டம் வைத்து நேராகப் போட்ட கோடுகூட, வளைந்த கூரைக்குக் கீழே தொய்ந்ததுபோலத் தெரிந்தது. நடுவில் ஒரு நூல் அளவு தூக்கினேன், அப்புறம்தான் நேராகத் தெரிந்தது. மதிய வெயிலில் தகடு விரிந்து அலை அலையாக நெளியும், எனாமலும் தூரிகையை இழுத்துப் பிடிக்கும். அதனால் விடியற்காலையில்தான் கோடு போடுவேன். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே கோட்டை இழு என்று கல்லூரியில் வாத்தியார் சொல்லிக்கொடுத்தது கேன்வாஸில் எனக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. ஒன்பது அடி நீளத்துக்கு அணில்முடித் தூரிகையால் ஒரே இழுப்பாக அந்த மஞ்சள் பட்டையின் விளிம்பை இழுத்தபோதுதான் கைக்குப் புரிந்தது.

வெளியே அந்தப் பழைய மஞ்சள் பட்டையைத் தவிர வேறெதுவும் வரையவில்லை. எனக்கு அதுதான் சரியென்று பட்டது. என் படங்களெல்லாம் உள்ளே, அலமாரிக் கதவுகளில். இந்தக் கடற்கரையில் பார்த்த நாரைகள், பெலிக்கன்கள். தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூள் மூட்டையால் தட்டி மரத்துக்கு மாற்றினேன்.

முடிந்ததும் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். வந்தவர் பட்டையின்மேல் விரலை வைத்து, “அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பணும்” என்றார். உள்ளே ஏறி, மேல் படுக்கையில் தானும் அண்ணனும் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பார்கள் என்று கையால் காட்டினார். அரை மணி நேரம் இறங்கவே இல்லை.

இப்போது கொட்டகையில் இரண்டாவது வண்டி தகடு உரித்த நிலையில் நிற்கிறது. இங்கே மழைக்காலம் நீளம். மே மாதம் வரை வெளியே இழுக்க முடியாது. அதுவரை உள்ளே அரக்கு வேலை பார்க்கலாம் என்று இருக்கிறேன்.