தேக்கு என்றார்கள், வாங்கிவிட்டேன்!

கேள்வி: வீட்டுக்குள் இருக்கும் தேக்கு நாற்காலிக்கு மாதாமாதம் எண்ணெய் பூச வேண்டுமா?

வேண்டாம். தூசிதான் ஒட்டும். துணியால் துடையுங்கள், போதும்.

கேள்வி: தேக்கு மேசை என்று நம்பி வாங்கினேன். ஓரத்தில் சில்லு பெயர்ந்ததும் உள்ளே அழுத்திய தூள் தெரிகிறது. 'மேலே தேக்குதானே' என்கிறார் கடைக்காரர்.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது மரநாரைப் பசையோடு அழுத்திய எம்டிஎஃப் பலகை. மேலே ஒட்டியிருப்பது வெனீர் என்ற மெல்லிய மர ஏடு. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. பில்லில் 'தேக்கு மேசை' என்று இருந்தால் பணத்தை எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். பெயர்ந்த இடத்தைப் படமெடுத்து வையுங்கள். 'ஒட்டித் தருகிறேன்' என்று ஆள் அனுப்பினால் தொட விடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

வெனீரை நான் குறை சொல்லவில்லை. அரிய மரத்தை மெல்லிய ஏடாகச் சீவி ஒட்டுவது மதிப்பான பழைய கைவேலை. அகலமான பலகை வளையாது, மரமும் மிச்சமாகும். அதை மறைத்து முழு மரத்தின் விலைக்கு விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்கும் இப்படி ஒரு 'ஈட்டி மர' அலமாரியைத் தள்ளிவிட்டார்கள். ஈரம் பட்டதும் ஓரம் உப்பி, மேலேடு கழன்று வந்தது. அன்றிலிருந்து எந்தக் கடையிலும் முதலில் குனிந்து அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். மேல்பரப்பில் ஓடும் ரேகை பலகையின் வெட்டுமுகத்தில் வளைய வரிகளாகத் தொடர வேண்டும். விளிம்பை மூடித் தனிப் பட்டி ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துப் பின்பக்கத்தையும் பாருங்கள். ஒரே ரேகை அச்சடித்தது மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அது மரமே இல்லை, மர வடிவம் அச்சிட்ட காகிதமாக இருக்கலாம்.

கேள்வி: பில் இல்லாமல் விலை குறைத்து ஈட்டி மரக் கட்டில் வாங்கினேன். வேறு மரம் என்கிறார் ஆசாரி. என்ன செய்யலாம்?

என்ன மரம் என்று சொல்லி விற்றார்கள் என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மரத்தின் பெயர் இல்லாத பில்லே பயன்படாது; நீங்கள் பில்லே வேண்டாம் என்றிருக்கிறீர்கள்.

கேள்வி: தேக்குக் கட்டிலில் வெளுத்த பட்டைகள் இருந்தன. பாலிஷில் போய்விடும் என்றார்கள். இப்போது பூச்சி அரிக்கிறது.

நிறம் போகும், குறை போகாது. அந்த வெளுத்த பகுதி வைரம் பாயாத வெளிமரம். கரையானையும் உளுப்பையும் தாங்கும் குணம் தேக்கின் வைரம் பாய்ந்த நடுமரத்தில்தான் இருக்கிறது. இளசாக வெட்டிய தோட்டத் தேக்கில் வெளிமரம் அதிகமாக இருக்கும். பாலிஷ் போடுவதற்கு முன்பே பாருங்கள், முடியாவிட்டால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கண்ணில் பட்ட குறையை விற்பவர் சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து!

கேள்வி: ஆப்பிரிக்க மகோகனி என்பது போலியா?

இல்லை. அது காயா என்ற மரம். அசல் மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், நல்ல மரமும்கூட. அசல் மகோகனி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது. காயாவைக் காயாவின் விலைக்கு வாங்குங்கள். 'பிலிப்பைன் மகோகனி' என்றால் மட்டும் உஷார். அது அந்தக் குடும்பமே இல்லை.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பழைய ஈட்டி மர மேசை ஒன்றை வரவழைக்கலாமா?

காகிதம் இருந்தால் வரவழைக்கலாம். ஈட்டியின் பேரினமான டால்பெர்ஜியா, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரி முதல் இருக்கிறது. பிரேசில் ஈட்டி மட்டும் 1992 முதலே முதல் பட்டியலில், இன்னும் கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கிறது. மற்ற இனங்களில் செய்து முடித்த பொருள்களுக்கு, ஒரு சரக்கில் அந்த மரம் 10 கிலோ வரை என்றால் விலக்கு உண்டு. மேசை அதற்குள் அடங்காது. ஒப்பந்தத்துக்குள் வருமுன் வெட்டிய மரம் என்றால் அதற்கும் தனிச் சான்று தேவை. அனுப்பும் நாட்டின் சைட்ஸ் அனுமதியை விற்பவர் காட்டும் வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.