தொப்பூர் ஏற்றத்தில் 4 டிகிரி நாக்

சேலத்திலிருந்து தருமபுரி திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில், ஐந்தாவது கியரில், 1,800 ஆர்பிஎம்மில் நாக் சென்சார் சொல்லி டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) 4 டிகிரி பின்வாங்குகிறது என்கிறீர்கள். முதலில் கியரை மாற்றுங்கள் சார். மெதுவாகச் சுற்றும் இன்ஜினை முழு ஆக்சிலரேட்டரில் அழுத்தினால், எரியாத கலவை சூடேறித் தானே வெடிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும்; அந்த வெடிப்புதான் நாக். அதே ஏற்றத்தை மூன்றாவதில் ஏறி லாக் (இன்ஜின் கணினியின் பதிவு) எடுங்கள்.

அப்புறமும் வந்தால், மேப்பில் (கணினியில் உள்ள டைமிங் அட்டவணை) அந்த இடத்தில் மட்டும் 2 டிகிரி குறையுங்கள். டைமிங் பின்வாங்கும் ரீடிங் இறங்கினால் நிஜ நாக். அசையவே இல்லையா, வேறெதுவோ தட்டுகிறது. நாக் சென்சார் பிளாக்கில் ஒட்டிய காது மாதிரி. எந்தத் தட்டலையும் நாக் என்று நினைத்துக்கொள்ளும். என் வண்டியில் சைலன்சர் பக்கத் தகட்டின் போல்ட் கழன்றிருந்தது. அது தெரியாமல் ஒரு மாதம் டைமிங்கைக் குறைத்துக்கொண்டே இருந்தேன்!

லாக்கில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தையும் சேருங்கள். சித்திரை மதியமும் மார்கழி விடியலும் ஒன்றல்ல.