ஒரு பகடைய 4 தடவை உருட்டினா, குறைஞ்சது ஒரு 6 விழ வாய்ப்பு 4/6 தானே?

இல்லங்க, 51.8 சதவீதம் தான் வரும், 4/6னா 66.7 ஆயிடும். ஆனா ஏன் கூட்டக்கூடாதுன்னு புரியறது தான் இதுல முக்கியம். நானும் ரொம்ப நாள் ஒரு தடவைக்கு 1/6, அப்ப நாலு தடவைக்கு 4/6ன்னு தான் நம்பிட்டு இருந்தேன், அக்கா பையனுக்கும் அப்படியே சொல்லிக் குடுத்துட்டேன். அவன் யோசிச்சிட்டு, "அப்ப 6 தடவை உருட்டினா 6/6, கண்டிப்பா விழணும்ல மாமா?"ன்னு கேட்டு அங்கயே உருட்டினான். ஆறு தடவையும் விழல. 7 தடவைன்னா 7/6னு வரும், நூறு சதவீதத்துக்கு மேல ஒரு வாய்ப்பு இருக்கவே முடியாதே.

அப்புறம் ரெண்டு பேரும் கட்டம் போட்ட நோட்ட எடுத்து உக்காந்தோம். ரெண்டு தடவை உருட்டுறத மட்டும் எடுத்துக்கிட்டு, முதல் தடவை விழறது மேலருந்து கீழ 1லருந்து 6, ரெண்டாவது தடவை விழறது இடமிருந்து வலம் 1லருந்து 6, மொத்தம் 36 கட்டம். முதல் தடவை 6 விழற வரிசைல 6 கட்டத்துக்கு பென்சில் அடிச்சான், ரெண்டாவது தடவை 6 விழற பத்தியிலயும் 6 கட்டம் அடிக்கப் போனா, கீழ் மூலைல ஒரு கட்டம் ஏற்கனவே அடிச்சிருக்கு! ரெண்டு தடவையும் 6 விழற கட்டம் அது. அதனால 12 இல்ல, 11/36 தான். கூட்டும்போது அந்த மூலைக் கட்டத்த ரெண்டு தடவை எண்ணிடறோம், தப்பு மொத்தமும் அங்க தான் இருக்கு.

நாலு தடவைக்கு இப்படி கட்டம் போட முடியாது, 1296 கட்டம் வரும். அதனால திருப்பிப் போடணும், 6 விழவே விழாம போக என்ன வாய்ப்புன்னு பாருங்க. ஒவ்வொரு தடவையும் 5/6, முன்னாடி விழுந்தது அடுத்ததப் பாதிக்காதுங்கறதால நாலயும் பெருக்கலாம், 625/1296, அதாவது 48.2 சதவீதம். மீதி தான் உங்க பதில். குறைஞ்சது ஒண்ணுன்னு கேள்வில வந்தாலே எனக்கு இந்த வழி தான் முதல்ல கை வரும்.

1654ல பிரெஞ்சு கணித மேதை பாஸ்கல், இன்னொரு கணித மேதை ஃபெர்மாவுக்கு எழுதின கடிதத்துலயும் இந்தக் கணக்கு வருது. ஒரு பகடைய 4 தடவை உருட்டி 6 விழும்னு பந்தயம் கட்டினா நமக்கு சாதகம், அதே விகிதத்துல ரெண்டு பகடைய 24 தடவை உருட்டி ஜோடி 6 விழும்னு கட்டினா 49.1 சதவீதம் தான், பாதகம். ஒரு பகடை விழற 6 விதத்துக்கு 4 தடவை, ரெண்டு பகடை விழற 36 விதத்துக்கு 24 தடவை, ரெண்டும் ஒண்ணு தானேன்னு தோணும், ஆனா பாதிக்கு ரெண்டு பக்கமும் போய் நிக்குது.

உங்க 4/6 சுத்தமா வீண்னு சொல்லமாட்டேன், நாலு தடவைல சராசரியா எத்தனை 6 விழும்னு கேட்டா பதில் அது தான். கேள்வி தான் வேற.

அக்கா பையன் உருட்டின 6 தடவைக்கு கணக்குப் போட்டா 66.5 சதவீதம் வருது. அதாவது மூணு பேர் ஆளுக்கு ஆறு தடவை உருட்டினா, சராசரியா அதுல ஒருத்தருக்கு ஒரு 6 கூட விழாது.