பித்தநாளப் புற்றுநோய்: கீமோவோடு டார்கெட்டட் மருந்து சேர்க்கலாமா?

அக்கா, அப்பாவுக்கு நோய் பரவிவிட்டது. ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளை ஏற்றுகிறார்கள். ஏன் இந்த ஜோடி?

பிரிட்டனில் 410 பேரிடம் நடந்த ஏபிசி-02 ஆய்வுதான் காரணம். ஜெம்சிடபின் மட்டும் போட்டவர்களில் பாதிப் பேர் 8.1 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள். சிஸ்பிளாட்டினும் சேர்ந்தபோது அது 11.7 மாதமானது. 2010-ல் முடிவு வந்தது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், அதனால்தான் அத்தனை பாட்டில் சலைன். அப்பா சலித்துக்கொண்டாலும் குறைக்கச் சொல்லாதீர்கள்.

இதோடு டார்கெட்டட் மருந்தும் (புற்றணுவில் உள்ள குறிப்பிட்ட இலக்கைத் தாக்குவது) சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே?

நானும் அப்படித்தான் நம்பினேன். பிரான்சிலும் ஜெர்மனியிலும் நடந்த பிங்கோ ஆய்வில் 150 பேர். ஜெம்சிடபின், ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ ஜோடியோடு செடுக்சிமாப் என்ற டார்கெட்டட் மருந்தைச் சேர்த்தும் பலன் கூடவில்லை. ஏபிசி-03-ல் 124 பேருக்குப் பழைய ஜோடி, அதில் ஒரு பிரிவுக்கு மட்டும் செடிரனிப் என்ற டார்கெட்டட் மருந்தும். அவர்களுக்கு நோய் அடங்கியிருந்தது 8 மாதம், மற்றவர்களுக்கு 7.4. இதைப் பலன் என்று சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கும் ரத்த அழுத்தமும் கூடியதுதான் மிச்சம். கட்டியில் எந்த மரபணு மாறியிருக்கிறது என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தது பெரிய குறை என்பது என் கருத்து.

அப்படியென்றால் அந்த மருந்துகள் வீணா?

இல்லவே இல்லை. கீமோ பார்த்தும் நோய் வளர்ந்தவர்களில், எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணு வேறொன்றோடு ஒட்டிப்போயிருந்த 107 பேருக்கு பெமிகாடினிப் என்ற டார்கெட்டட் மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். 35.5 சதவீதம் பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. 2020-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ரத்தத்தில் பாஸ்பேட் ஏறும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து?

டோபாஸ்-1 ஆய்வில் 685 பேர். கீமோவோடு துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து சேர்த்தவர்களில் 2 வருடம் கழித்து உயிரோடு இருந்தது சுமார் 25 சதவீதம், சேர்க்காதவர்களில் 10. டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மரபணு டெஸ்டுக்குச் சதை போதவில்லை என்கிறார்களே?

அடிக்கடி நடப்பதுதான். நாளத்துக்குள் பிரஷ் விட்டுச் சுரண்டினால் கிடைப்பது சிட்டிகைகூட இருக்காது. முதலில் பயாப்சி எடுத்த இடத்தில் மெழுகில் பதித்த பிளாக் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ரத்தத்திலேயே பார்க்கும் டெஸ்ட் உண்டு.

இன்னொருவர் கேட்டது: அம்மாவுக்குப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் குழாய்) இருக்கிறது. கீமோ போய் 9 நாள், இப்போது குளிர்காய்ச்சல். காலை வரை பொறுக்கலாமா?

வேண்டாம். ஸ்டென்ட் அடைத்துக் கிருமி ஏறியிருக்கலாம், வெள்ளணுவும் குறைந்திருக்கும். இப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். போனதும் கீமோ போட்ட தேதியைச் சொல்லுங்கள்.