ஸ்டைல் நம்பர் பிளேட் மாட்டலாமா? ஐநூறு ரூபாய் கட்டியவன் சொல்கிறேன்

கேள்வி: புது பைக் எடுத்திருக்கிறேன். ஷோரூமில் மாட்டிக் கொடுத்த நம்பர் பிளேட் பார்க்கவே சப்பென்று இருக்கிறது. அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கடையில் ஸ்டைலாக எழுதி மாட்டிக்கொள்ளலாமா? தமிழில் எழுதினால் தப்பா? பிடித்தால் எவ்வளவு ஃபைன்?

கழற்றக் கூடாது. தமிழில் எழுதினாலும் விதிப்படி தப்புதான். முதல் தடவை பிடிபட்டால் 500 ரூபாய். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் நானே இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு சில வருடம் ஊர் சுற்றியவன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் வண்டி 2018-இல் வாங்கியது. அப்போதெல்லாம் பதிவு எண் வந்ததும் ஸ்டிக்கர் கடைக்குப் போய் நாமே எழுதி வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். கடைக்காரர் ஓர் ஆல்பத்தை நீட்டினார். கல்யாணப் பத்திரிகைக்கு மாடல் காட்டுவார்களே, அதுபோல முப்பது நாற்பது மாடல். நான் தேர்ந்தெடுத்தது கறுப்பு அக்ரிலிக் பலகை, அதன்மேல் வெள்ளி நிறத்தில் எழும்பி நிற்கும் எழுத்து. மாநிலக் குறியீடும் ஆர்.டி.ஓ. எண்ணும் மேல் மூலையில் எறும்பு மாதிரி ஊரும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் யானை மாதிரி நிற்கும். அதில் ஒரு 8 உண்டு. இடுப்பு மெலிந்து, வால் நீண்டு, பரதநாட்டிய முத்திரை போல. வாரம் ஒருமுறை துணி போட்டுத் துடைப்பேன்.

ஒரு நாள் செல்போனுக்குச் செய்தி வந்தது: ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்கு இ-சலான், அதாவது ஆன்லைனில் வரும் அபராதச் சீட்டு. எனக்குத் தலை சுற்றியது. தெருமுனைக் கடைக்குப் போனால்கூட ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்க் கிண்டல் வாங்குகிற ஆள் நான். தளத்தில் போய்ப் படத்தைத் திறந்தால் சிவப்பு நிற ஸ்கூட்டர் ஒன்று நிற்கிறது. என்னுடையது பைக். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த ஸ்கூட்டர்காரரும் என்னைப் போல ரசனைக்காரர். அவர் எண்ணில் ஒரு 3 இருக்கிறது. அதன் இரண்டு முனைகளையும் உள்பக்கமாகச் சுழித்து, முறுக்குப் பிழிந்த மாதிரி எழுதி வைத்திருக்கிறார். பார்க்கிறவர் கண்ணுக்கு அது 8. அதே ஆர்.டி.ஓ., அதே சீரிஸ், மற்ற மூன்று இலக்கமும் அதே. 3-க்குப் பதில் 8 போட்டால் வருகிற எண் என்னுடையது!

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றின் நகலையும் படத்தையும் எடுத்துக்கொண்டு போக்குவரத்துக் காவல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த உதவி ஆய்வாளர் நல்ல மனிதர். பார்த்ததுமே, “ஸ்கூட்டர்தான் சார், உங்க வண்டி இல்லை. எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, கேன்சலுக்கு அனுப்பிடறேன்” என்றார். எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, “உங்க வண்டி எங்கே நிக்குது?” என்று கேட்டார். ஜன்னல் வழியாகப் பெருமையாகக் காட்டினேன். எழுந்து வெளியே வந்தார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“சார், அவன் மூணை எட்டு மாதிரி எழுதியிருக்கான். நீங்க எட்டை எதுமாதிரி எழுதியிருக்கீங்க?”

பதில் சொல்ல என்ன இருக்கிறது. 500 ரூபாய் கட்டினேன்.

இனி விதிக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 39-ஆம் பிரிவு, பதிவு எண்ணை விதித்த முறைப்படி காட்டாமல் வண்டியை ஓட்டக் கூடாது என்கிறது. அந்த முறை என்ன என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல், 50, 51 என்ற இரண்டு விதிகளில் இருக்கிறது. 51-ஐப் படித்தால் தையல்காரர் அளவெடுத்த நோட்டு மாதிரி இருக்கும். 70 சி.சி.க்குக் குறையாத பைக் என்றால் முன்பக்க எழுத்தும் எண்ணும் 30 மி.மீ. உயரம், கோட்டின் தடிமன் 5 மி.மீ., இடைவெளி 5 மி.மீ. பின்பக்கம் எழுத்து 35, எண் 40, தடிமன் 7, இடைவெளி 5. கார் என்றால் எல்லாமே 65 மி.மீ. உயரம், தடிமன் 10, இடைவெளி 10.

பின்பக்க அளவைக் கவனியுங்கள். எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 5 மி.மீ. என்னுடைய எறும்பும் யானையும் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகின்றன. பின்பக்கம் இரண்டு வரியாக எழுத வேண்டும். முதல் வரியில் மாநிலக் குறியீடும் ஆர்.டி.ஓ. எண்ணும், இரண்டாவது வரியில் மீதி. முன்பக்கம் ஒரே வரியில் எழுதலாம். என்ன நிறம் என்பதும் நம் விருப்பம் இல்லை. சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பு. மின்சார வண்டி என்றால் பச்சைப் பலகை. அந்தப் பச்சையின்மேல் சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகைக்கு மஞ்சள் எழுத்து. நான் ஆசைப்பட்ட கறுப்புப் பலகையும் பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதில் மஞ்சள் எழுத்து இருக்கும்; நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடுகிற வண்டிகளுக்கு உரியது அது. ஆக, ஸ்டைலுக்காகக் கறுப்பு போட்டவர் தன் வண்டிக்குத் தானே வேறு வகை சொல்லிக்கொள்கிறார்.

உங்களுடையது புது வண்டி என்பதால் கதை இன்னும் இறுக்கம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு எச்.எஸ்.ஆர்.பி. எனப்படும் உயர்பாதுகாப்புப் பலகையைத் தயாரிப்பாளரே டீலர் மூலம் கொடுத்தாக வேண்டும். சப்பென்று இருக்கிறது என்கிறீர்களே, அதை ஒருமுறை வெயிலில் உட்கார்ந்து கிட்டத்தில் பாருங்கள். 1 மி.மீ. அலுமினியத் தகடு. உடம்பில் கிழிக்காதபடி மூலைகள் உருட்டப்பட்டிருக்கும். இடது மேல்பக்கம் 20-க்கு 20 மி.மீ. அளவில் ஒரு ஹாலோகிராம், அதற்குள் அசோகச் சக்கரம். அதன் கீழே நீல நிறத்தில் ‘இந்தியா’ என்பதன் ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கம். இடது கீழ் ஓரத்தில் லேசரால் பொறித்த ஒரு தொடர் எண். அது உங்கள் பதிவு எண் இல்லை, பலகையின் சொந்த எண். கறுப்பு எழுத்தின்மேல் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் ‘இந்தியா’ என்ற சொல் 45 டிகிரி சாய்வில் திரும்பத் திரும்ப ஓடும். பின்பக்கப் பலகையை மாட்டியிருப்பது ஸ்குரூ இல்லை, ஸ்னாப் லாக். ஒருமுறை கழற்றினால் உடையும். திரும்ப மாட்ட முடியாது. திருடன் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேறு எண் மாட்டுவதைத் தடுக்கத்தான் இவ்வளவு ஏற்பாடு. கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்தால், அந்தத் திருடன் செய்யும் வேலையை அவனுக்கு முன்னால் நீங்களே செய்து கொடுத்த மாதிரி.

இன்னொன்று, பலகையின் வெள்ளைப் பரப்பு வெறும் பெயின்ட் இல்லை. பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும் பிரதிபலிப்புத் தாள். என் அக்ரிலிக் பலகை ராத்திரியில் எப்படித் தெரியும் என்று நண்பனின் காரை நிறுத்தி ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன் (ஃபைன் கட்டிய பிறகுதான், ஞானம் எப்போதும் அப்படித்தானே வரும்). வெள்ளி எழுத்து முழுக்கப் பளபளவென்று ஒரே மினுக்கல், ஓர் இலக்கம்கூடப் பிடிபடவில்லை. யாராவது என்னை இடித்துவிட்டு ஓடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பலகையும் இப்படி இருந்தால், பார்த்த சாட்சிக்குக் கிடைப்பது “ஏதோ ஜிகுஜிகுன்னு இருந்துச்சு சார்” என்ற ஒரு வரிதான். பலகைக்கு அடியில் நீலம், சிவப்பு எல்.இ.டி. வைப்பவர்களுக்கும் இதே பதில்தான். பின் எண்ணின்மேல் விழுகிற விளக்கு வெள்ளையாக இருக்க வேண்டும், 15 மீட்டர் தூரத்திலிருந்து எண் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று அதற்கும் விதி உண்டு.

தமிழ் விஷயம். இதில் எனக்கே கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ‘த.நா.’ என்று எழுதிய வண்டியைப் பார்த்தால் ஒரு நொடி மனசு குளிரத்தான் செய்கிறது. ஆனால் எழுத்து ஆங்கிலத்திலும் எண் 1, 2, 3 என்ற வடிவிலும் இருக்க வேண்டும் என்று விதி நேரடியாகவே சொல்கிறது. குமரியில் பதிவான லாரி நாக்பூரில் இடித்துவிட்டுப் போனால் அங்கே டீ ஆற்றிக்கொண்டிருப்பவரால் படிக்க முடிய வேண்டும். அசாம் வண்டி நம் ஊரில் வந்து இடித்தால் நம்மால் படிக்க முடிய வேண்டும். சிலர் ஒரு படி மேலே போய்த் தமிழ் எண்களில் எழுதுகிறார்கள். ௧ என்று போட்டால் எத்தனை பேர் அதை ஒன்று என்று படிப்பார்கள்? ‘க’ என்பார்கள். ௨-ஐ ‘உ’ என்பார்கள், ௮-ஐ ‘அ’ என்பார்கள். நான் ஒருமுறை சிக்னலில் நின்றபடி அப்படி ஒரு பலகையைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பச்சை விழுந்துவிட்டது. தமிழ்ப்பற்றைக் காட்ட வண்டியில் வேறு இடமா இல்லை? பெட்ரோல் டேங்க் அவ்வளவு அகலமாக இருக்கிறது.

பலகையில் கட்சிக் கொடி, தலைவர் முகம், சாதிப் பெயர், சாமி படம், காதலி பெயரின் முதலெழுத்து இவை எதுவும் கூடாது. ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘டாக்டர்’, ‘அட்வகேட்’ என்று ஒட்டிக்கொண்டு திரிவதற்கும் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 ஏப்ரலில் எச்சரிக்கை விட்டு, மே மாதம் முதல் வழக்குப் போட ஆரம்பித்தது. தொழிலை மதிக்கிறவர்கள் பலகையில் ஒட்டிக் காட்டத் தேவையில்லை என்பது என் கட்சி.

ஃபேன்ஸி நம்பரையும் ஃபேன்ஸி நம்பர் பிளேட்டையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 7777, 0001 மாதிரி எண் வேண்டுமென்றால் போக்குவரத்துத் துறையில் கட்டணம் கட்டி முறைப்படி வாங்கலாம். அதில் தப்பே இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் கட்டணம்தான் மாறும். ஆனால் 8055 என்ற எண்ணை வாங்கிவிட்டு, அதை வளைத்து நெளித்து ஆங்கிலத்தில் BOSS (‘பாஸ்’) என்று படிக்கிற மாதிரி எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். எண்ணுக்குத்தான் காசு கட்டினீர்கள், எழுத்து வடிவத்துக்கு இல்லை.

ஃபைன் கணக்கு: பலகை விதிப்படி இல்லை என்றால் பொதுவாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500. எண்ணே காட்டாமல் ஓட்டினாலோ, பதிவே இல்லாத வண்டி மாதிரி நடந்துகொண்டாலோ 192-ஆம் பிரிவுக்குப் போக வாய்ப்பு உண்டு. அதில் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை, மறுபடி பிடிபட்டால் 5,000 முதல் 10,000 வரை, ஓராண்டு வரை சிறைகூட உண்டு. கேமராவுக்குத் தப்பப் பலகையை மடக்கி வைப்பது, ஓர் இலக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டுவது, மாஸ்க்கை எடுத்துப் பிளேட்டுக்கு மாட்டுவது எல்லாம் வேறு கணக்கு. அங்கே நோக்கமே ஏமாற்றுவது என்பதால் மோசடி வழக்கு வரை இழுக்கலாம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

‘கடையில் நிறையப் பேர் எழுதி வாங்குகிறார்களே, கடைக்காரரைப் பிடிப்பதில்லையே’ என்று கேட்பீர்கள். நானும் அவரிடம் போய்க் கேட்டேன். “தம்பி, நான் எழுதினது போர்டு. அதை வண்டியில மாட்டினது நீங்க” என்றார். வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர்.

ஏற்கெனவே ஸ்னாப் லாக்கை உடைத்துவிட்டீர்கள் என்றால் டீலரிடம் போங்கள், அல்லது உங்கள் வண்டித் தயாரிப்பாளருக்கான முன்பதிவுத் தளத்தில் மாற்றுப் பலகைக்குப் பதிவு செய்யுங்கள். பழைய பலகை கையில் இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். தொலைந்துபோயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பலகையைச் சுற்றி மெல்லிய ஃபிரேம் மட்டும் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஹாலோகிராமையோ லேசர் எண்ணையோ எழுத்தின் ஓரத்தையோ துளி மறைத்தாலும் வம்புதான். நான் போடவில்லை. விதிப்படி வெள்ளையில் கறுப்பாக எழுதி மாட்டியிருக்கிறேன். ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.

என் பழைய சலான் ரத்தாகிவிட்டது. போன மாதம் இன்னொன்று வந்தது. அதே சிவப்பு ஸ்கூட்டர். இந்தத் தடவை நோ பார்க்கிங்.