டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: அக்கா, எங்கள் தொட்டியில் 4 கோல்ட்ஃபிஷ் இருக்கின்றன. வாங்கி ஆறு மாதம் ஆகிறது. நல்ல சிவப்பாக இருந்தவை இப்போது வெளுத்துக்கொண்டே வருகின்றன. மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்று 1 கிலோ தீனி வாங்கி வைத்தோம். அதைப் போட்டால் இரண்டே நாளில் தண்ணீர் கலங்கிவிடுகிறது. நிறம் கூட்டும் தீனி என்று விற்கிறார்களே, அதற்கு மாறலாமா? நல்ல தீனியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நாலு மீனுக்கு ஒரு கிலோவா! அந்த நாலையும் சேர்த்து நிறுத்தாலே கால் கிலோ தேறாதே. சிரிக்கிறேன் என்று நினைக்காதீர்கள், நானும் இதே வேலையைச் செய்தவள்தான். கப்பி என்ற சின்ன மீனை வளர்க்க ஆரம்பித்த புதிதில் பெரிய டப்பா ஒன்றை வாங்கி வருடக்கணக்கில் போட்டேன். பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்கு முதுகு வளைந்திருந்தது. திறந்து வைத்த தீனியில் வைட்டமின் சி சீக்கிரம் அழிந்துபோகும். பெரும்பாலான மீன்களால் அதை உடம்பில் தயாரித்துக்கொள்ளவும் முடியாது. கூன் விழ வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் புது டப்பாவுக்கு மாறிய பிறகு, அடுத்த ஈத்துக் குஞ்சுகள் நேராக நீந்தின. அதிலிருந்து சின்ன டப்பாதான். திறந்த தேதியை மூடியில் எழுதி, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவேன். அதற்கு முன்பே சிக்கு வாடை அடித்தால் குப்பைக்குத்தான். இன்னொன்று, டப்பாவைத் தொட்டிக்கு மேலே பிடித்துத் தட்டாதீர்கள். ஈரம் உள்ளே போய்விடும்.

சரி, எதை வாங்குவது? முன்பக்கத்துப் படத்தை மறந்துவிட்டு டப்பாவைத் திருப்புங்கள். பொருள்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போட்டிருப்பார்கள். மீன்தூள், இறால் தூள், கிரில் (இறால் மாதிரியான குட்டிக் கடல் உயிரி), ஸ்பைருலினா (ஒரு வகைப் பாசி) ஆகியவை முதலில் வந்தால் நல்லது. கோதுமை மாவு முதலில் வந்தால் கீழே வைத்துவிடுங்கள். இதிலும் ஒரு தந்திரம் உண்டு. கோதுமை மாவு, கோதுமைப் புரதம், சோள மாவு என்று தனித்தனியாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றையும் கூட்டினால் அவைதான் முதலிடம். 'முழு மீன்' என்று முதலில் போட்டிருந்தாலும் மயங்க வேண்டாம். பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர்தான், காய்ந்த பிறகு அதன் எடை எங்கே நிற்கும்?

புரதம் எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். கோல்ட்ஃபிஷ்ஷுக்கு 30 முதல் 40 வரை போதும். அதற்கு இரைப்பையே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வேளைக்கு இரண்டு நிமிடத்தில் தீருகிற அளவே போடுங்கள். மாவு மிகுந்த தீனியும் மிஞ்சிய தீனியும்தான் உங்கள் தண்ணீரைக் கலக்குகின்றன என்பது என் கணிப்பு. இதைச் சோதிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து குருணைகளைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஊறிப் பருத்தால் பரவாயில்லை. கரைந்து பொடியாகிவிட்டால், தொட்டியிலும் அதேதான் நடக்கிறது.

நிறத்துக்கு வருகிறேன். சிவப்புக்குத் தேவையான கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகளை மீனால் உண்டாக்க முடியாது, தீனியில்தான் கிடைக்க வேண்டும். ஸ்பைருலினாவிலும் கிரில்லிலும் அவை இருக்கின்றன. ஆகவே, 'நிறம் கூட்டும்' என்று எழுதியிருப்பதற்காக மட்டும் எதையும் வாங்காதீர்கள். ஸ்பைருலினாவோ கிரில்லோ சேர்ந்த நல்ல தீனி எதிலும் அந்த நிறமிகள் இருக்கும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அப்புறம், தொட்டி இருட்டு மூலையில் இருக்கிறதா? வெளிச்சம் குறைந்தாலும் வெளுக்கும். வளர வளர நிறம் மாறுவது கோல்ட்ஃபிஷ்ஷின் சுபாவமும்கூட. அப்படி மாறினால் எந்தத் தீனியும் திருப்பிக் கொண்டுவராது.

கேள்வி: கோல்ட்ஃபிஷ் தீனியையே ஃபைட்டர் மீனுக்கும் போடலாமா?

பதில்: ஒரு நாள் அவசரத்துக்குப் போடலாம், தினமும் வேண்டாம். ஃபைட்டரின் வாயைப் பாருங்கள், மேல்நோக்கி இருக்கும். தண்ணீரின் மேற்பரப்பில் பூச்சி பிடிக்கும் வாய் அது. மிதக்கிற சின்னக் குருணையாக, புரதம் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். வாயில் வாங்கித் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் குருணை பெரிதாக இருக்கும். நசுக்கிப் போட்டுப் பாருங்கள்.