டிக் டிக் என்று அடிக்கும் ஹார்ட் டிஸ்க்: சாஃப்ட்வேர் தேடும் முன்

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசையிலிருந்து விழுந்துவிட்டது. இப்போது செருகினால் டிக், டிக் என்று ஏழெட்டு முறை சத்தம் வந்து நின்றுவிடுகிறது. போன வருடம் காலமான அப்பாவின் வீடியோக்கள் அதில்தான் இருக்கின்றன. எந்த ரெகவரி சாஃப்ட்வேர் நல்லது? ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. பக்கத்து சர்வீஸ் கடையில் திறந்து பார்க்கிறோம் என்கிறார்கள்."

முதல் வேலை, கேபிளைக் கழற்றி டிஸ்க்கைத் தனியே வைப்பது. இதைப் படித்து முடித்ததும் 'கடைசியாக ஒரே ஒரு தடவை' செருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அதுவும் வேண்டாம்.

அந்த டிக் சத்தம் என்ன என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பது புரியும். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு ஒன்றோ இரண்டோ சுற்றுகிறது. உங்களுடையது போன்ற சிறிய டிஸ்க்கில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90. தட்டைப் படிக்கும் ஹெட் அதன்மேல் படாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர். ஓடும்போது விழுந்தால் அந்த இடைவெளி எம்மாத்திரம்? ஹெட் தட்டில் இடித்துச் சேதமாகிவிடுகிறது. மறுபடி கரண்ட் கொடுத்ததும் தட்டில் எழுதியிருக்கும் வழிக்குறிகளை அது தேடும். கிடைக்காது. ஹெட்டைத் தாங்கும் கை திரும்ப ஆரம்ப இடத்துக்குப் போய் மோதும், மறுபடி தேடும். நீங்கள் கேட்கும் டிக் அதுதான்.

உடைந்த ஹெட் ஒவ்வொரு முறையும் தட்டை உரசலாம். ஒருவர் யூடியூப் பார்த்துவிட்டு, ஓடும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து மூடியைத் திறந்து, அப்படியே இரண்டு மூன்று முறை ஓடவும் விட்டு என்னிடம் கொண்டுவந்தார். தட்டில் வளையலைப் பதித்தது போல ஒரு வட்டம். அந்த இடத்தில் காந்தப் பூச்சு மொத்தமாகச் சுரண்டிப்போய், தட்டுக்கு அந்தப் பக்கம் வைத்திருந்த என் விரல் தெரிந்தது. சிறிய டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. பூச்சு போனால் அங்கே இருந்த படமும் போயிற்று. எந்த டேட்டா ரெகவரி லேபாலும் அதைத் திரும்பத் தர முடியாது. ஆகவே சர்வீஸ் கடையில் திறக்க வேண்டாம். அவர்கள் திறமையைக் குறை சொல்லவில்லை. இந்த வேலைக்குத் தூசி இல்லாத அறையும், அதே மாடலில் இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்த ஹெட்டும் வேண்டும்.

ஃப்ரீசர் கதை பழசு. ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டில் நம் ஊர் வெக்கையில் எப்படி வியர்க்கிறது? பெரும்பாலான டிஸ்க்குகளின் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அதே வியர்வை தட்டின்மேலும் படியும். தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, சாஃப்ட்வேர்? உங்கள் டிஸ்க்குக்கு எதுவும் உதவாது. டிஸ்க் படித்துக் கொடுப்பதைத்தான் சாஃப்ட்வேர் அடுக்கிக் காட்டும். படிக்கிற ஹெட்டே போனபின் அதற்கு வேலை இல்லை. சத்தமில்லாமல் சுற்றி, கம்ப்யூட்டரிலும் தெரிந்து, 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும் டிஸ்க்கின் கதை வேறு. அப்படி வைத்திருப்பவர்கள் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கவும் கூடாது, விண்டோஸில் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டவும் கூடாது. செக்டிஸ்க் ஃபைல் அமைப்பைச் சரிசெய்கிறேன் என்று அதே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். முதலில் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேர் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு இமேஜ், அதாவது அச்சு அசலான நகல், எடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் பகுதிகளை அது முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துவிட்டுப் பிறகு திரும்பி வரும். அப்புறம் அந்த இமேஜின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற ரெகவரி சாஃப்ட்வேர் எதையும் ஓட்டலாம். மூன்றுமே இலவசம். ஃபோட்டோரெக் படங்களை மீட்கும், பெயர்களையும் ஃபோல்டர்களையும் மீட்காது. ஆயிரக்கணக்கில் கலைந்து கிடப்பதை உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். வேலை நடுவில் டிக் சத்தம் ஆரம்பித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

விழுந்த டிஸ்க் எல்லாம் போனதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். 2003-இல் கொலம்பியா விண்கலம் சிதறியபோது தரையில் கிடந்த ஒரு டிஸ்க், பார்க்க உருகிய உலோகக்கட்டி போலத்தான் இருந்தது. லேபில் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு டிஸ்க் பெட்டியில் பொருத்தினார்கள். செனான் வாயு பற்றிய சோதனைத் தரவு ஏறக்குறைய முழுவதும் கிடைத்தது. 2008-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. தட்டில் சேதம் இருந்தாலும், தரவு எழுதியிருந்த பகுதி தப்பியதுதான் காரணம். உங்களுடையதிலும் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஆகவே டேட்டா ரெகவரி லேபுக்கே அனுப்புங்கள். திறந்து ஹெட் மாற்றும் வசதி அவர்களிடமே இருக்கிறதா, இல்லை வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். பரிசோதனைக்கு எவ்வளவு, டேட்டா வரவில்லையென்றால் எவ்வளவு, ஹெட் எடுக்க வாங்கும் டோனர் டிஸ்க்கின் விலை தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பார்க்காமலே 'நூறு சதவீதம் எடுத்துத் தருகிறோம்' என்பவரிடம் நான் கொடுக்க மாட்டேன். எக்ஸ்டர்னல் பெட்டியிலிருந்து டிஸ்க்கைப் பிரித்தெடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். டபிள்யூடி மை பாஸ்போர்ட் போன்ற பல மாடல்களில் யுஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே இருக்கிறது. டேட்டாவும் அந்த போர்டு வழியாகவே என்கிரிப்ட் ஆகிறது, அதாவது வேறு வழியில் படிக்க முடியாதபடி குறியீடாக மாறுகிறது. போர்டை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனித்தனியாக அமைக்கப்பட்ட அளவுகள் பெரும்பாலும் அந்த போர்டின் சிப்பில்தான் பதிந்திருக்கும்.

அதற்கு முன், வீட்டில் ஒரு சுற்று விசாரியுங்கள். அப்பாவின் பழைய போன், உறவினர்களின் வாட்ஸ்அப் குரூப், விசேஷங்களுக்கு வீடியோ எடுத்த ஸ்டுடியோ. டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தது இப்படிக் கிடைத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அனுப்பும்போது பபுள் ராப்பில் நாலைந்து சுற்று சுற்றி, பெட்டிக்குள் ஆடாமல் வையுங்கள். கூடவே ஒரு தாளில், எந்த ஃபோல்டர், ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதிப் போடுங்கள். மாற்றிப் பொருத்திய ஹெட் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. அப்பாவின் வீடியோதான் முதலில் என்று தெரிந்தால், சினிமாவையும் பாட்டையும் விட்டுவிட்டு அதையே முதலில் படித்தெடுப்பார்கள்.